எரியுதா அக்கா

"எரியுதா?" என்று கேட்டுவிட்டு அக்கா முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் "இல்ல சிஸ்டர், ஒண்ணும் இல்ல" என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கீழே கால் விரல் சுருண்டிருக்கிறதா என்று நோட்டம் விடுவார். விரல் சும்மா இருந்தால் சிரிஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்துவார். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து மறுபடியும் கேட்பார். "எரியுதா?"

புற்றுநோய்க்காரர்களுக்கு மருந்து ஏற்றுகிற அறை அது. சாய்வு நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் தொங்கும் பை, வாந்தி எடுக்க ஒரு கிண்ணம், கூட வந்தவர் உட்கார ஒரு முக்காலி. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடும். யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் அணைத்தால் எல்லோருக்கும் கோபம் வரும்.

முக்கால்வாசி மருந்துகள் பையிலிருந்து தானாகச் சொட்டிக்கொள்ளும். சிவப்பு மருந்து என்று எல்லோரும் சொல்கிற ஒன்று மட்டும் அப்படியல்ல. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே மெல்ல மெல்ல அதை நரம்புக்குள் தள்ள வேண்டும். நரம்புக்குள்ளேயே போனால் நோயை அரிக்கும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி. ஊசி போட்ட இடம் எரிகிறது என்று நோயாளி சொன்ன உடனே நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம். சொல்லாவிட்டால் கை போச்சு.

அக்காவுக்கு 'எரியுதா அக்கா' என்று பேர் வைத்தவர் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். குடலில் கட்டி. அக்கா கவுனும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாலே அவர் குரல் கொடுப்பார். "எரியுதா அக்கா வந்தாச்சு! எல்லாரும் கால நீட்டிக்குங்க, காலப் பாத்துத்தான் டிக்கெட்டு!" சிரிக்கத் தெம்பு இருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். "உங்க பேரு? பொறந்த தேதி?" என்பார்.

இதுவும் அவர் வழக்கம்தான். மாதக்கணக்காகப் பழகியவராக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பேரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பார். கண்டக்டர் ஒரு நாள் அலுத்துப் போய், "இன்னுமா என்னத் தெரியல உங்களுக்கு?" என்று கேட்டார். "எனக்கு நல்லாத் தெரியும் சார். மருந்துக்குத் தெரியணும்ல?" என்றார் அக்கா. கண்டக்டர் பிறந்த தேதியைச் சொன்னார்.

அக்கா ஆள் ஒல்லி. மூக்குக் கண்ணாடி எந்நேரமும் நழுவிக்கொண்டிருக்கும். கை கழுவிக் கழுவி விரல் முட்டியெல்லாம் வெடித்திருக்கும். உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்பவரின் கையைத்தான் முதலில் பார்ப்பார். புடைத்த நரம்பாக இருந்துவிட்டால் ஒரு ஏக்கப் பெருமூச்சு வரும். "இவ என்னக் கட்டிக்கிட்டதே என் கை நரம்பப் பாத்துத்தான்" என்று அவர் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இல்லை என்று அக்கா இதுவரை சொன்னதில்லை.

யாராவது நன்றி சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, பயம் என்றுதான் சொல்ல வேண்டும். "நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர், உங்க கைய விட்டா எங்களுக்கு யாரு" என்று ஒருவர் கண் கலங்கினால், அன்றைக்கு அந்த நாற்காலிப் பக்கம் இரண்டு மடங்கு தடவை போய் வருவார். "என்னத் திட்டுறவங்க கைக்கு ஒண்ணும் ஆகாது. 'ஊசியா போடற நீ'ன்னு கத்துவாங்க, நானும் நிறுத்திடுவேன். இந்தப் பாசக்காரங்களப் பாத்தாத்தான் எனக்கு வயித்தக் கலக்கும்" என்பார்.

பயிற்சிக் காலத்தில் அவரை வேறொரு வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போட அனுப்பினார்கள். ஒரு பேக்கரிக்காரரின் புறங்கை. கட்டைப் பிரித்தபோது உள்ளே தசைநார் வெள்ளையாகத் தெரிந்தது. மருந்து கசிந்திருக்கிறது, எரிந்திருக்கிறது, மனுஷர் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அக்கா கேட்டாராம். "சின்னப் பொண்ணும்மா, அன்னைக்குத்தான் வேலைல சேந்துச்சு போல. சொன்னா அதுக்குத் திட்டு விழும்ல?" என்று அந்தக் கையை வைத்துக்கொண்டே சிரித்தாராம் அவர். அந்தச் சிரிப்பை நினைத்தால் அக்காவுக்கு இன்றைக்கும் ஈரக்குலை நடுங்கும்.

இந்த நோய் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், நோயாளிக்கு முன்னால் பயம் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்ளும். டாக்டரிடம் கேட்கக் கூச்சம், வீட்டாரிடம் சொல்ல மனமில்லை. அந்தப் பயத்தை எல்லாம் எங்கேதான் இறக்கி வைப்பார்கள்? ஊசி போடுகிற கையில்தான். அக்கா மாதிரிப் பெண்கள் அதைத் தினமும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய், மறுநாள் காலை கை கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நாம் அவர்களுக்குப் பட்ட கடன் சாமானியமல்ல. ஆனால் அதை அக்காவின் காதில் விழும்படி சொல்லக் கூடாது.

வேன்காரம்மா வந்தது மழை ஓய்ந்த ஒரு காலையில். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஒற்றை அதட்டலில் அடக்கிவிடும் குரல். வலது மார்பை எடுத்துவிட்டார்கள், அக்குள் கட்டிகளையும் எடுத்திருந்தார்கள், அதனால் வலது கை சரியாகத் தூக்க வரவில்லை, அதில் இனி ஊசியும் போடக் கூடாது. இருப்பது இடது கை ஒன்றுதான். முதல் நாள் அவர் கேட்டது உயிரைப் பற்றி அல்ல. "அக்கா, இந்தக் கையும் போயிட்டா ஸ்டீரிங்க எதுல பிடிப்பேன்?"

"போகாது. எரிஞ்சா சொல்லிடணும், அவ்வளவுதான்" என்றார் அக்கா.

முதல் மருந்து ஏறிய மறுநாள் சாயந்தரம் அக்கா போன் பண்ணினார். சாப்பிட்டீங்களா, வாந்தி எத்தனை தடவை, காய்ச்சல் உண்டா. ஊரில் கூடப் பிறந்தவர்கள் இருந்தும் அப்படி ஒருத்தர் கேட்டதில்லை என்று வேன்காரம்மா போனிலேயே அழுதார். போனை வைக்கும்போதே அக்கா நினைத்துக்கொண்டார். இதோ இன்னொரு பாசக்காரி.

அடுத்த பயம் முடி. வேனில் ஏறும் பிள்ளைகள் மொட்டைத் தலையைப் பார்த்துப் பயந்து அழுதால் என்ன செய்வது? "கொட்டுற வரைக்கும் காத்திருக்காதீங்க. நீங்களே வழிச்சிட்டு ஒரு நல்ல தொப்பியா போட்டுட்டுப் போங்க. பசங்க தொப்பியத்தான் பாப்பாங்க" என்றார் அக்கா. அப்படியே நடந்தது. உடம்பு தாங்குகிற வாரங்களில் வேன்காரம்மா வண்டி எடுத்தார். தொப்பியை யார் முதலில் போட்டுப் பார்ப்பது என்று பின் சீட்டில் அடிதடி. அந்தக் கதையை வார்டில் அவர் சொன்னபோது, கண்டக்டருக்குப் புரை ஏறும்வரை சிரிப்பு.

பிறகு அந்த நாள் வந்தது. இரண்டு நர்ஸ்கள் லீவு. அறை நிரம்பி, கூட வந்தவர்கள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மருந்து பட்டுப் பட்டு வேன்காரம்மாவின் நரம்புகள் சுருங்கி உள்ளே ஒளிந்துகொண்டிருந்தன. அக்கா வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார், தட்டினார், தடவினார். முதல் குத்து வீண். இரண்டாவதும் வீண். "மன்னிச்சிடுங்கம்மா" என்றார் அக்கா, முகம் வாடிப் போய். மூன்றாவதில் நரம்பு அகப்பட்டது. ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறது என்று காட்ட இரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சிவப்பு மருந்தை எடுத்தார்.

அதற்குள் வேன்காரம்மா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "ரொம்பக் குளிருதுக்கா." அந்த அறையில் குளிராத நாள் கிடையாது. அக்கா ஒன்றும் நினைக்கவில்லை.

"எரியுதா?"

"இல்லக்கா."

கொஞ்சம் தள்ளினார். "எரியுதா?"

"ஐயோ இல்லக்கா. நேத்து ஒரு வாண்டு என்ன பண்ணான் தெரியுமா, டிபன் பாக்ஸுக்குள்ள தவளையப் பிடிச்சு வச்சிருக்கான். நான் வண்டிய ஓரங்கட்டி..." தவளை தாவியது, பிள்ளைகள் அலறினார்கள், கதை நிற்காமல் ஓடியது. அக்காவும் பாதி சிரித்தார். சிரித்துக்கொண்டே தள்ளினார்.

இந்தம்மா ஏன் இன்றைக்கு மூச்சு விடாமல் பேசுகிறார்? அந்த நினைப்பு வந்ததும் அக்காவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. சிரிஞ்சு வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்ததோ? பின்னால் இழுத்துப் பார்த்தார். இரத்தம் வரவில்லை. போர்வையைச் சட்டென்று விலக்கினார். கால் விரல் பத்தும் முஷ்டி மடக்கின மாதிரி மடங்கி, வெளிறிப் போயிருந்தன.

 அக்காவின் கை தன் வேலையைச் செய்தது. ஊசியை எடுக்காமல், உள்ளே கசிந்ததில் வந்தவரைக்கும் உறிஞ்சி எடுத்தார். "பெரிய சிஸ்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் இந்தப் பக்கம் பார்க்கப் பயந்து டிவியைப் பார்த்தார்கள். ஐஸ் பை வந்தது, டாக்டர் ஓடி வந்தார், மாற்று மருந்து வந்தது, கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தார்கள். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. சிவப்பின் ஓரத்தைச் சுற்றி அக்கா பேனாவால் கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தால் கை பிழைக்கும். கோட்டைத் தாண்டிப் பரவிக் கொப்புளம் கட்டினால், பேக்கரிக்காரரின் கைதான்.

எல்லோரும் நகர்ந்த பிறகுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. "வாய் எதுக்கு இருக்கு உங்களுக்கு? அத்தன புள்ளைங்கள அடக்குற வாய் எங்க போச்சு?"

வேன்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு தடவ குத்தினதுக்கே உங்க முகம் செத்துப் போச்சுக்கா. மறுபடி குத்தச் சொன்னா தாங்க மாட்டீங்கன்னு நினைச்சேன். எனக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க, இதக்கூடவா பொறுத்துக்க மாட்டேன்..."

"அதுக்காகக் காலயும் மூடிட்டீங்களா?"

"நீங்க காலத்தானே பாப்பீங்க."

அக்கா மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சலைன் பாட்டில்கள் அடுக்கிய அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  திட்டு வாங்கும் பயமில்லை அது. யாரும் திட்டவும் இல்லை, நடந்ததை டாக்டரிடம் அவரே ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். அந்த ஒற்றைக் கைக்காகத்தான் அந்தப் பயம்.

சாயந்தரம் வீட்டில் அவர் கணவர் ஏதோ கேட்டார், அக்கா ஏதோ சொன்னார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தார். வேன்காரம்மா வீட்டில் கையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். வந்தது. திறந்தார். சிவப்பு கிடையாது, வீக்கம் கிடையாது, துடைத்துவிட்ட மாதிரிச் சுத்தமான கை. "அப்பாடா!" என்று அக்கா கத்தியதில் கணவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். அவரிடம் போனைக் காட்டும்போதுதான் அக்கா கவனித்தார். பேனாக் கோட்டைக் காணோம். வேன்காரம்மாவின் கணவர் பதட்டத்தில் வலது கையை எடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அந்தக் கை இல்ல சார், இன்னொரு கை! கோடு போட்ட கை!" என்று போனில் அலறினார். அடுத்த போட்டோ வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டிவிட்டதா, இல்லையா? பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கினால் மங்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க வேன்காரம்மாவைத் தினமும் வரச் சொன்னார்கள். ஒவ்வொரு காலையிலும் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் அக்கா கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். "நீங்களே பிரிங்க பெரிய சிஸ்டர்" என்று ஒரு நாள் நகர்ந்தும் நின்றார். ஒரு காலை கோட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு கொப்புளம். அன்றைக்கு அக்கா யாரிடமும் "எரியுதா" என்றுகூடச் சத்தமாகக் கேட்கவில்லை. 

ஆனால் கொப்புளம் அதற்கு மேல் பெரிதாகவில்லை. தோல் உரிந்தது, பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு மிஞ்சியது, விரல்கள் மடங்கின, நீட்டவும் வந்தன. டாக்டர் அழுத்திப் பார்த்து, "தப்பிச்சது" என்றார். ஒரே ஒரு தடவைதான் சிவப்பு மருந்து பாக்கி. அதற்காக நெஞ்சில் குழாய் பொருத்த இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்று யோசித்து, கை நன்றாக ஆறிய பிறகு கசிந்த இடத்துக்கு மேலே வேறு ஒரு நரம்பில் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்தக் கடைசி மருந்து ஏற்றும் நாளில் அக்கா பெரிய சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "இன்னைக்கு அவங்களுக்கு நீங்க போடுங்க சிஸ்டர். எனக்குக் கை வராது."

பெரிய சிஸ்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "அந்தம்மா என்னப் பக்கத்துலயே விடல. நீ வந்தா ஊசி, இல்லாட்டி வீட்டுக்குப் போறாங்களாம். நான் என்ன பண்ண?"

 அக்கா கவுனைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, கழற்றி மறுபடி போட்டார். உள்ளே போய், "உங்க பேரு? பொறந்த தேதி?" என்றார். வேன்காரம்மா சொன்னார். போர்வையை மடித்து முக்காலியில் போட்டுவிட்டு வெறுங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் பயம்தான்.

"எனக்குச் சந்தோஷமா இருக்கணும்னு நினைச்சா, என்னத் திட்டுங்க" என்றார் அக்கா.

"திட்டறேன்கா. இன்னைக்குப் பாருங்க."

பஞ்சு பட்டதற்கே "ஐயோ, ஜில்லுங்குது!" என்று வேன்காரம்மா போட்ட குரலில் அறையே திரும்பியது. "இன்னும் ஊசியே எடுக்கலம்மா" என்றார் கண்டக்டர், தன் நாற்காலியிலிருந்தபடி. ஊசி முதல் குத்திலேயே இறங்கியது. இரத்தம் வந்தது. சிவப்பு மருந்து ஏற ஆரம்பித்தது.

"எரியுதா?"

"இல்ல."

"எரியுதா?"

"இல்லக்கா. எரிஞ்சா இந்தக் கட்டடமே கேக்கும்."

பாதி வரும்போது, "நிறுத்துங்க! நிறுத்துங்கக்கா! இங்க சுருக்குங்குது!" அக்கா உடனே நிறுத்தினார். கட்டைவிரலை எடுத்தார். இழுத்துப் பார்த்தார், இரத்தம் தாராளமாக வந்தது. வீக்கம் இல்லை. சலைன் தண்ணீரை ஏற்றிப் பார்த்தார், தடையில்லாமல் போனது. கடைசியில் பார்த்தால், பிளாஸ்திரியின் ஓரம் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பிரித்து வேறு ஒட்டினார். வேன்காரம்மா வெட்கத்தோடு பார்த்தார். "சும்மா கத்திட்டேனாக்கா?"

"இல்லம்மா. நல்லாக் கத்தினீங்க."

மறுபடி தள்ள ஆரம்பித்தார். மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் நகரவே மாட்டேன் என்றது. ஒரு கை சிரிஞ்சில், இன்னொரு கை ஊசியின் மேல். இரண்டையும் எடுக்க முடியாது. அந்தக் குளிரிலும் அக்காவின் நெற்றியில் வேர்வை அரும்பி, புருவத்தைத் தாண்டி, கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைச் சிமிட்டினார். போகவில்லை. தலையை உதறவும் பயம், கை அசைந்துவிடும்.

வேன்காரம்மா பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு தோளுக்கு மேல் வராத கை. பாதியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "யம்மா, வலிக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் தூக்கினார். சால்வையின் நுனியை விரலில் சுற்றி அக்காவின் நெற்றியில் ஒற்றினார். ஒரு புருவத்தைத் துடைத்தார். மற்றதற்குக் கை எட்டவில்லை.

அக்கா சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.